பறந்த நேரத்தை யார் எழுதுவது? விமானியின் லாக்புக்கும் பழவேற்காட்டின் பாடு கணக்கும்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் வந்தால் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு முதலில் வரும் செய்தி, "கடலுக்குப் போகாதீங்க" என்பதுதான். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட்டில் எஸ்.எல்.வி-3 அங்கிருந்து கிளம்பியது. இன்றுவரை கதை ஒன்றுதான்: ராக்கெட் போகும் பாதைக்குக் கீழே படகு இருக்கக் கூடாது. அதே நேரத்துக்கு மேலே உள்ள வானமும் மூடப்படும். விமானிகளுக்கு 'நோட்டம்' என்ற பெயரில் ஓர் அறிவிப்பு போகும். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இந்தப் பக்கம் வராதே என்பது அதன் சாரம்.

கீழே படகுக்கும் மேலே விமானத்துக்கும் ஒரே நாளில் ஒரே தடை. ஆனால் இரண்டு பேரின் அனுபவமும் ஒரே மாதிரி கணக்கில் ஏறுவதில்லை. விமானி ஓட்டிய ஒவ்வொரு நிமிடத்தையும் எப்படி எழுத வேண்டும், எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியே சொல்கிறது. முகத்துவாரத்து அலையில் 30 வருஷம் படகு ஓட்டியவரின் அனுபவமோ எந்தத் தாளிலும் இல்லை. அப்படியென்றால் தாளில் இருப்பதை நம்பலாம், இல்லாததை நம்ப முடியாது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்திய விமானத் துறையின் கடந்த பதினைந்து ஆண்டு அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது.

ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்கள் வாங்கப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஒரே ஆர்டரில் 500 விமானங்கள் கேட்டது. இவ்வளவு விமானம் வந்தால் ஓட்ட ஆள் வேண்டுமே. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'பைலட் ஆக்கலாமா' என்ற பேச்சு எழுவதில் ஆச்சரியம் இல்லை. ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே, சும்மா ஒரு ஆசைக்காகத் தனியார் விமானி உரிமம் எடுக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் முதலில் கையில் எடுக்கப்போவது ஸ்டியரிங்கை அல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தை. அதன் பெயர் லாக்புக்.

40 மணி, 200 மணி

இந்தியாவில் உரிமம் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், சுருக்கமாக டிஜிசிஏ. தனியார் விமானி உரிமத்துக்கு (எல்லோரும் பிபிஎல் என்பார்கள்) 17 வயது ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. இவற்றோடு குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் தனியாக, பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இல்லாமல். அந்தத் தனிப் பறப்பிலும் 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் பயணமாக இருக்க வேண்டும். அதில் ஒன்று 150 கடல் மைலுக்குக் குறையக் கூடாது, அதாவது ஏறக்குறைய 278 கிலோமீட்டர். (மீனவர்களும் விமானிகளும் தூரத்தை ஒரே அளவுகோலில், கடல் மைலில் சொல்வது ஓர் அழகான ஒற்றுமை.)

இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு காசு வாங்கி விமானம் ஓட்ட முடியாது. சொந்தக் காருக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் டாக்ஸி ஓட்டக் கூடாது என்பது மாதிரி. வேலையாக ஓட்ட வேண்டுமென்றால் வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் தேவை. அதற்கு 200 மணி நேரம். இந்த 200-க்குள் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளரைத்தான் 'பைலட் இன் கமாண்ட்' என்கிறார்கள், சுருக்கமாக பிஐசி. பொறுப்பாளராக 20 மணி நேர ஊர்விட்டு ஊர்ப் பயணம், அதில் ஒன்று 300 கடல் மைல். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது 10 மணி நேரம், அதில் 5 மணி நேரத்துக்கு மேல் சிமுலேட்டரில் இருக்கக் கூடாது. இரவுப் பறப்பு 5 மணி நேரம்.

பிபிஎல் கட்டத்தில் சேர்த்த மணி நேரமும் இந்த 200-க்குள் வரும். அதனால்தான் முதல் நாள் முதல் வரியிலிருந்தே லாக்புக் முக்கியம். முதல் பக்கத்தில் ஒரு கட்டம் மாறி எழுதினால், இரண்டு வருஷம் கழித்து சிபிஎல் விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கும்?

விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் விளக்கம் வேறு. பறப்பதற்காக விமானம் முதன்முதலில் நகர ஆரம்பித்த நொடியிலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக அசையாமல் நிற்கும் நொடி வரை மொத்தமும் 'பறப்பு நேரம்'. ஓடுபாதைக்கு உருண்டு போகிற நேரம், அனுமதிக்காகக் காத்திருக்கிற நேரம், இறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வருகிற நேரம் எல்லாம் இதில் சேரும். ஹெலிகாப்டருக்கு இறக்கை சுழல ஆரம்பித்து நிற்கும் வரை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயிற்சி விமானம் காலை 10.05-க்கு நகர ஆரம்பிக்கிறது. 10.20-க்கு மேலே எழும்புகிறது. 11.20-க்குத் தரை தொடுகிறது. 11.30-க்கு நிறுத்துமிடத்தில் நிற்கிறது. காற்றில் இருந்தது ஒரு மணி நேரம்தான். விமானியின் லாக்புக்கில் ஏறுவது 1 மணி 25 நிமிடம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அப்படித்தான்.

அதே பயணத்தை விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதும்போது காற்றில் இருந்த நேரம்தான் கணக்கு. ஏனென்றால் இறக்கையும் உடலும் தேய்வது காற்றில். ஆக ஒரே பயணத்துக்கு இரண்டு எண்கள், இரண்டுமே சரி. பொய் எழுத நினைப்பவருக்கு வசதியான இடமும் இதுதான். எண்கள் ஒத்துப் போகவில்லையே என்று யாராவது கேட்டால், 'டாக்ஸி நேரம் சார்' என்று பதில் சொல்லிவிடலாம். பயணத்துக்கு 15 நிமிடம் சும்மா கூட்டி எழுதினால் 100 பயணத்தில் 25 மணி நேரம். சிபிஎல்லுக்குத் தேவையான 200-ல் எட்டில் ஒரு பங்கு, ஒரு சொட்டு பெட்ரோல் எரியாமலே வந்துவிடும்.

இன்னொரு சின்னக் குழப்பம் கடிகாரத்திலேயே இருக்கிறது. விமானத் துறை உலகம் முழுக்க யுடிசி நேரத்தில் இயங்குகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம்ம ஊரில் வியாழக்கிழமை காலை 5 மணி என்றால் யுடிசி-யில் அது புதன் இரவு 11.30. பயணத்தின் தேதியே மாறிவிடுகிறது. விமானப் பதிவேடு ஒரு தேதியும் மாணவரின் லாக்புக் வேறு தேதியும் காட்டினால், சரிபார்க்க உட்காரும் அதிகாரிக்கு அது தவறா பொய்யா என்று தெரியாது. ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு எழுதுவது நல்லது.

யார் ஓட்டினார் என்பதுதான் சிக்கல்

நேரம் எவ்வளவு என்பதைவிட, அந்த நேரம் எந்தக் கட்டத்தில் போகிறது என்பதில்தான் பிரச்சினைகள் வருகின்றன. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 67ஏ என்ற விதி இதற்கென்றே இருக்கிறது. 1934 விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் தாய்ச் சட்டம் மாறியதால் லாக்புக் எழுதும் முறை மாறிவிடவில்லை. உரிமத்துக்காகப் பறக்கும் மாணவர் உட்பட விமானம் ஓட்டும் ஒவ்வொருவரும் சொந்தமாக லாக்புக் வைத்திருக்க வேண்டும். மையால் எழுத வேண்டும், பென்சில் கூடாது. கடைசிப் பதிவிலிருந்து 5 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் அது 'டூயல்'. ஸ்டியரிங் முழுக்க உங்கள் கையில் இருந்தாலும் டூயல்தான், ஆசிரியர் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்துக்கு பிஐசி ஆசிரியர். விமானத்தில் உங்களைத் தவிர யாருமே இல்லை என்றால் அது 'சோலோ'. இந்த நேரம் பிஐசி கணக்கிலும் சேரும். உரிமம் வாங்கிய பிறகு நண்பரை ஏற்றிக்கொண்டு பறந்தால் நீங்கள் பிஐசி, நண்பர் பயணி. அந்த நண்பரும் உரிமம் உள்ளவர் என்றாலும், வழியில் பத்து நிமிடம் ஆசைக்கு ஓட்டிப் பார்த்தாலும், அவர் லாக்புக்கில் எழுத ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இது வேறு. அங்கே விமானத்தின் பொறுப்பாளராக 'இருப்பது' ஒன்று, பொறுப்பாளர் நேரத்தை 'எழுதுவது' இன்னொன்று. அந்த ரக விமானத்துக்கு உரிமம் உள்ள தனியார் விமானி, கட்டுப்பாடுகளை அவர் ஒருவரே இயக்கிய நேரத்தை பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம், பக்கத்தில் ஆசிரியர் இருந்தாலும் சரி. ஆசிரியரும் அதே நேரத்தை பிஐசி என்று எழுதுவார். கருவிப் பறப்புப் பயிற்சிக்காக ஒருவர் கண்ணுக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு ஓட்டும்போது, வெளியே பார்த்துக்கொள்ள இன்னொரு விமானி கட்டாயம் இருக்க வேண்டும். 'சேஃப்டி பைலட்' என்று அழைக்கப்படும் அவரும் அந்த நேரத்தைத் தன் கணக்கில் எழுதலாம். ஒரு மணி நேர வாடகையில் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு மணி நேரம், சட்டப்படியே!

நம் பிள்ளைகள் பலர் அங்கே போய்ப் பயிற்சி முடித்துவிட்டு, இங்கே வந்து உரிமத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே பிஐசி என்று எழுதிய வரி இங்கே என்னவாகப் பார்க்கப்படும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்ட்டுகள் கட்டணத்தைப் பற்றிப் பேசுவார்கள், கட்டங்களைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

'பார்க்கர் பேனா' மணி நேரம்

பொய்யாக எழுதிய பறப்பு நேரத்துக்கு விமானிகள் வட்டாரத்தில் ஒரு கிண்டல் பெயர் உண்டு: 'பார்க்கர் பேனா நேரம்'. பறந்தது விமானம் அல்ல, பேனா. சொல் பழையது என்பதிலிருந்தே பழக்கமும் பழையது என்று தெரிகிறது.

காரணம் புரியாததில்லை. பயிற்சி விமானத்தின் ஒரு மணி நேரக் கட்டணமே பத்தாயிரங்களில் இருக்கிறது. சிபிஎல் முடித்து வெளியே வருவதற்குள் அரைக் கோடியைத் தாண்டும் குடும்பங்கள் உண்டு. நிலத்தை விற்று, வீட்டை அடமானம் வைத்துக் கட்டிய பணம் அது. மழை வந்தால் விமானம் கிளம்பாது, பழுதானால் கிளம்பாது, ஆசிரியர் லீவு போட்டால் கிளம்பாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் 'கவலைப்படாதே, எழுதிக்கொள்ளலாம்' என்று பள்ளியே சொன்னால் மாணவர் என்ன செய்வார்?

2011-ல் இது வெடித்தது. மார்ச் மாதம் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். அந்த விசாரணைகளின் நீட்சியாகப் பயிற்சிப் பள்ளிகளின் பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்தபோது அடுத்த பூதம் கிளம்பியது. பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த வழக்கை ராஜஸ்தான் ஊழல் தடுப்புப் பிரிவு எடுத்தது. நாடு முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளைத் தணிக்கை செய்யும் வேலையில் டிஜிசிஏ இறங்கியது. நான்கு வருஷம் கழித்து, 2015 ஆகஸ்ட்டில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 360 மணி நேரம் பறந்ததாகச் சான்றிதழ் வைத்திருந்த ஓர் இளைஞர், தான் உண்மையில் துணை விமானி இருக்கையில் உட்கார்ந்தது 35 நிமிடம்தான் என்று அதில் சொல்லியிருந்தார். 360 மணி எங்கே, 35 நிமிடம் எங்கே!

பக்கத்து நாட்டில் இதன் விலை இன்னும் பெரிது. 2020 மே 22 அன்று கராச்சியில் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்தது. அடுத்த மாதம் அந்நாட்டு விமானத் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில், 860 விமானிகளில் 262 பேரின் உரிமம் சந்தேகத்துக்கு உரியது என்றார். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்த நிறுவனத்தின் விமானங்களுக்கு 2020 ஜூலையில் போட்ட தடை, 2024 நவம்பரில்தான் விலகியது. நேர்மையாக உழைத்து உரிமம் வாங்கிய விமானிகளும் அந்தச் சந்தேகத்தைச் சேர்த்தே சுமந்தார்கள்.

மணி நேரத்தைக் கூட்டிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-ல் வந்தது. அந்த விபத்து விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. எண் திறமையை முழுசாகச் சொல்லாது. ஆனால் எண்ணே பொய் என்றால் திறமையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவே முடியாது.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கு

இங்கேதான் பழவேற்காட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் மாதிரியான ஊர்களில் பாடு என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள், குறிப்பாக முகத்துவாரத்தை ஒட்டியவை, ரொம்பக் குறைவு. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் எந்த நாள், எந்த இடத்தில், யார் கட்டுவது என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். தலைக்கட்டு வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் தன் முறை எப்போது என்பது தெரியும். அதைவிட முக்கியம், மற்றவரின் முறை எப்போது என்பதும் தெரியும்.

இந்தக் கணக்கில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஒரு நாளைக் கூட்டி எழுத முடியுமா? முடியாது. அவர் ஒரு நாள் கூட்டினால் அது இன்னொருவரின் ஒரு நாள். அந்த இன்னொருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சரிபார்க்கத் தனி அதிகாரி தேவையில்லை, பொய்யால் நஷ்டப்படும் ஆளே சரிபார்க்கிறார்.

பாடு முறையைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அதில் இடம் இல்லாத சமூகங்களும் உண்டு, நல்ல இடங்கள் எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகின்றன என்று அவர்கள் கேட்பதும், அதனால் ஏரியில் மோதல்கள் வந்ததும் உண்மை. பெண்கள் அந்தச் சீட்டுக் குலுக்கலில் இல்லை. ஆனால் கணக்கை யார் சரிபார்ப்பது என்ற ஒரே ஒரு விஷயத்தில் அது விமானப் பயிற்சிப் பள்ளியை விடத் தெளிவாக இருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் நிலைமை நேர் எதிர். மாணவருக்கு மணி நேரம் வேண்டும். பள்ளிக்குக் கட்டணம் வேண்டும். லாக்புக் வரியை எழுதுபவர் மாணவர், சரி என்று கையெழுத்துப் போடுபவர் அதே பள்ளியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர். பொய் எழுதினால் இருவருக்கும் லாபம். நஷ்டப்படப் போகிறவர், பத்து வருஷம் கழித்து இருக்கை எண் 17-ஏயில் பெல்ட் போட்டு உட்காரப்போகும் பயணி. அவர் இந்த அறையிலேயே இல்லை.

டிஜிசிஏ சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. விண்ணப்பம், உரிமம் எல்லாம் இ-ஜிசிஏ என்ற இணையதளத்துக்கு வந்துவிட்டன. லாக்புக்கும் அங்கே மின் வடிவில் ஏறுகிறது. 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு உரிமமும் வந்தது, உலகில் சீனாவுக்கு அடுத்து இந்தியாவில்தான். நல்ல விஷயம்தான். போலிக் காகிதம் அச்சடிப்பது கஷ்டமாகிவிட்டது. ஆனால் நோட்டில் எழுதிய பொய்யை ஃபோனில் டைப் செய்தால் அது உண்மை ஆகிவிடாது. 'ஒப்புதல்' என்ற பட்டனை அழுத்துவது அதே பள்ளியின் ஆள் என்றால், பேனா போய் விரல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பொய்யில் லாபம் இல்லாத ஒரு சாட்சி ஒவ்வொரு வரிக்கும் வேண்டும். அப்படிப்பட்ட சாட்சிகள் ஏற்கெனவே இருக்கின்றன. விமானம் கிளம்பியதும் இறங்கியதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெரியும். எத்தனை லிட்டர் எரிபொருள் ஊற்றினார்கள் என்பதற்கு ரசீது இருக்கும். இன்ஜின் ஓடிய நேரத்தை விமானத்திலுள்ள மீட்டரே எண்ணும். போன பாதையை ஜிபிஎஸ் வரைந்துவிடும். இவை தனித்தனி அறைகளில், தனித்தனி ஃபைல்களில் கிடக்கும் வரை, விவகாரம் வெடித்த பிறகு விசாரணை அதிகாரிக்குத்தான் பயன்படும். மாணவர் வரியைப் பதிவேற்றும் அன்றைக்கே இவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தாத வரியை இணையதளமே நிறுத்தி வைக்க வேண்டும். பழுதாகி ஷெட்டில் நிற்கும் விமானத்தில் யாரும் பறந்திருக்க முடியாது என்று கண்டுபிடிக்க ஒரு கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பள்ளி வாரியாக, விமானம் வாரியாக, மாதம் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதையும் பொதுவில் வைக்கலாம். மாணவரின் பெயர் வேண்டாம், விமானத்தின் பதிவு எண்ணும் நேரமும் போதும். அடை மழை பெய்த மாதத்தில் ஒரு பள்ளி மட்டும் எப்படி இவ்வளவு பறந்தது என்று பக்கத்துப் பள்ளிக்காரரே கேட்பார். பழவேற்காட்டில் கரையில் நின்று பார்க்கும் ஆள் மாதிரி.

இதனால் ஏழை மாணவருக்குத்தானே நஷ்டம், பணக்காரப் பிள்ளை முழு நேரமும் பறந்துவிடுவான் என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கட்டணம் அதிகம் என்பதற்குத் தீர்வு கடனும் உதவித்தொகையும் கட்டணக் கட்டுப்பாடும்தான், காற்றில் எழுதிய மணி நேரம் அல்ல. பொய் நேரத்துக்கும் பள்ளி முழுப் பணம் வாங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2015 செய்தியில் வந்த இளைஞரைப் போன்றவர்கள் கையில் மிஞ்சுவது சான்றிதழ் மட்டும்தான், ஓட்டத் தெரியாது. விவகாரம் வெளியே வந்தால் விதி 19-ன்படி உரிமம் ரத்தாவதும் மாணவருக்குத்தான்.

எழுதப்படாத மணி நேரம்

கடைசியாக, தாளில் இல்லாத அந்த 30 வருஷத்துக்கு வருவோம்.

மீன்பிடிக் கப்பலை முறையாக ஓட்டவும் நம் நாட்டில் சான்றிதழ் உண்டு. கொச்சியில் தலைமையகமும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகளும் கொண்ட சிஃப்நெட் என்ற மத்திய அரசு நிறுவனம் அதற்கான பயிற்சி தருகிறது. மேலே போகப் போகத் தேர்வுகள் உண்டு. அந்தத் தேர்வு எழுத, கப்பலில் இத்தனை காலம் வேலை செய்தேன் என்று கடல் சேவைச் சான்று காட்ட வேண்டும். விமானியின் மணி நேரம் மாதிரியேதான். ஆனால் ஃபைபர் படகில் தினமும் விடியற்காலை முகத்துவாரம் தாண்டிப் போய் வரும் பழவேற்காட்டுக்காரர் அப்படி ஒரு சான்றை யாரிடம் வாங்குவார்? அவருக்கு லாக்புக் கொடுத்தவர் யாரும் இல்லை. அவர் பையன் மெர்ச்சன்ட் நேவிக்கோ மீன்பிடிக் கப்பலுக்கோ விண்ணப்பிக்கும்போது, அப்பாவோடு சின்ன வயதிலிருந்து கடலில் கழித்த நாட்களுக்கு மதிப்பு பூஜ்யம்.

இப்போது அதில் ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் பால்கரில் தொடங்கிவைத்த திட்டத்தில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தப் போகிறார்கள், செலவு சுமார் 360 கோடி ரூபாய். படகு எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும் கருவி அது. புயல் எச்சரிக்கை படகுக்குப் போகும், ஆபத்து என்றால் படகிலிருந்து தகவல் வரும். தொழில்நுட்பம் இஸ்ரோவுடையது, ராக்கெட் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்லும் அதே இஸ்ரோ.

மீனவரைக் கண்காணிக்கவும் காப்பாற்றவும் இயந்திர சாட்சி வந்துவிட்டது. அந்தக் கருவி சேர்க்கும் தடத்தை, படகில் யார் யார் போனார்கள் என்ற பதிவோடு சேர்த்தால், அதுவே கடல் சேவைச் சான்றுக்கு ஆதாரமாகும். திருவள்ளூர் மாவட்ட மீன்வளத் துறை ஒரே ஒரு குப்பத்தில், பத்துப் படகில், ஒரு வருஷம் இதைச் செய்து பார்க்கலாம். சாட்சியாக நிற்க ஊர்க் கூட்டம் தயாராகத்தான் இருக்கும், அவர்களுக்கு இந்த வேலை புதிதில்லை.

பயிற்சிப் பள்ளியில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை: சேருவதற்கு முன்பே அந்தப் பள்ளியின் விமானப் பதிவேட்டில் போன மாதத்துப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உங்கள் லாக்புக்கையும் அந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் காட்ட மாட்டோம்' என்று முதல் நாளே சொல்லும் பள்ளி என்றால், அட்வான்ஸ் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.